புகை வந்த குழிகள்

பிரேசிலிலிருந்து வந்த பெண் ரோசானா காலைப் பலகாரத்துக்குக் குச்சிக்கிழங்கு கேட்டதுதான் முதல் மூன்று நாளும் கந்தப்பன் வீட்டில் பேச்சாக இருந்தது. மல்லசமுத்திரம் வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, ஜவ்வரிசி செய்ய லாரியில் ஏறி சேகோ மில்லுக்குப் போகிற சரக்கு. எப்போதாவது பிள்ளைகள் ஆசைக்கு ஒன்றிரண்டை அனலில் சுட்டுத் தின்பதோடு சரி. ரோசானா அதைத் தோலுரித்து, உப்புப் போட்டு வேகவைத்து, கந்தப்பனின் மனைவி சௌந்திரம் கடைந்த வெண்ணெயைத் தடவிக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள்.

"அவுங்கூர்ல இதுதான் சோறாமா" என்றாள் பிரவீனா. "இந்தக் கெழங்கே அவுங்க சீமையிலிருந்துதான் கப்பலேறி இங்க வந்துச்சாமா."

"அப்ப சொந்தம் ஒரம்பரை ஊட்டுக்குத்தான் வந்திருக்கறா. இன்னும் ரெண்டு வெய்யி" என்றாள் சௌந்திரம்.

பிரவீனா கந்தப்பனுடைய மகள். கட்டிக்கொடுத்தது ஓசூரில். ஆனால் வார நாட்களில் பிறந்த வீட்டில் தங்கி, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளித் திருச்செங்கோட்டு ரோட்டில் இருக்கும் கணித ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போய்வந்தாள். கல்லூரி இடத்தில் போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளி ஒருவரின் அறக்கட்டளை கட்டிக்கொடுத்த இரண்டு மாடிக் கட்டடம் அது. தாழ்வாரச் சுவரில்கூடக் கரும்பலகை அடித்திருந்தார்கள். டீ குடிக்கப் போகிற ஆட்கள் பாதி வழியில் நின்று சாக்பீஸால் எதையோ கிறுக்கிவிட்டுப் போவார்கள். கணக்குப் போடுவதற்கு இவ்வளவு பெரிய கட்டடம் எதற்கு என்று கந்தப்பன் முதலில் ஒரு முறை கேட்டிருக்கிறார்.

அங்கே இரண்டு வருஷமாக நடப்பது பாறைக்கு அடியில் தண்ணீர் எங்கே நிற்கும் என்கிற ஆராய்ச்சி. கெட்டிப் பாறையில் தண்ணீர் தேங்க இடமில்லை. வெடிப்புகளில்தான் ஓடும். எந்த வெடிப்பு எதோடு போய்ச் சேரும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிரேசில் நாட்டின் வடகிழக்கு மூலையும் இதே மாதிரிப் பாறைப் பூமி, இதே மாதிரி மழையில்லாத சீமை. இரண்டு நாட்டு ஆட்களும் சேர்ந்து ஒரே கணக்கை இரண்டு இடத்தில் போட்டுப் பார்த்தார்கள். அதற்காகத்தான் ரோசானா வந்தாள். விருந்தினர் அறையில் தனியாக இருக்கப் பிடிக்காமல் பிரவீனாவின் வீட்டுக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கணக்குக்கு வேண்டியது ஊர்க்காரர்களின் போர்க் குழிகள். யார் தோட்டங்காட்டில், எத்தனை அடி, தண்ணீர் எவ்வளவு என்று படிவம் கொடுத்து ஊர் ஊராக எழுதி வாங்கியிருந்தார்கள். அதைக் கொண்டு ஒரு வரைபடமும் போட்டார்கள். பச்சை என்றால் தண்ணீர் கிடைக்க வாய்ப்பு அதிகம், மஞ்சள் என்றால் சுமார், சிவப்பு என்றால் இல்லை. கல்லுக்காட்டுப்புதூரில் கந்தப்பனின் காடு பச்சையில் இருந்தது. நூற்றுக்கு அறுபது.

தண்ணீர் இல்லாத பாறையைக் குடையும்போது ரிக் வண்டியின் கம்ப்ரசர் வெள்ளைப் புழுதியை வானத்துக்கு ஊதித் தள்ளும். அதை ஊரில் புகை என்பார்கள். 'அவங்காட்டுல புகை வந்திருச்சு' என்றால் போர் பொய்த்துவிட்டது என்று அர்த்தம். ஊர் உறங்கின நேரத்தில் போட்டு அப்படிப் புகை வந்த குழிகள் கந்தப்பன் காட்டில் பல வருஷமாக இருந்தன. அவற்றின் மேல் கல்லை வைத்து, மண்ணைத் தள்ளி, குச்சிக்கிழங்கு நட்டுவிட்டார். மகள் நீட்டிய படிவத்தில் தண்ணீர் வந்த இரண்டு போரை மட்டும்தான் சொன்னார்.

சொன்னபோது அது பொய்யாகக்கூட அவருக்குத் தோன்றவில்லை. யாரும் சொல்லாததை அவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வரைபடம் வந்த பிறகு நடந்ததுதான் விநோதம். தான் சொன்னதையே கணக்கு திருப்பிச் சொன்னதும் அவருக்கு அதில் நம்பிக்கை வந்துவிட்டது. மகள் படித்த படிப்பு, வெளிநாட்டுக்காரர்கள், இத்தனை கம்ப்யூட்டர். அத்தனையும் சேர்ந்து அறுபது என்கின்றன. ஒருவேளை முன்பு இடம் தப்பிப் போட்டோமோ என்னவோ என்று நினைத்துக்கொண்டார்.

இருக்கிற இரண்டு போரும் நாற்பது நிமிஷம் ஓடினால் தண்ணீர் வற்றிக் காற்று வாங்க ஆரம்பித்துவிட்டன. மகன் சந்தோஷ்குமாருக்கு முப்பத்திரண்டு வயது. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவன லாரி ஓட்டுகிறான். நாலு இடம் பார்த்துத் தட்டிப்போய், இப்போது எடப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்திருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். வருகிறவர்கள் முதலில் காட்டைத்தான் பார்ப்பார்கள், அதிலும் தண்ணீரைத்தான். அதற்குள் ஒரு போரைப் போட்டுவிட வேண்டும் என்று ரிக் ஏஜெண்ட் தனசேகரிடம் திங்கட்கிழமைக்கு வண்டி சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் ரோசானாவும் பிரவீனாவும் காட்டுக்குள் நடந்து இடங்களைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். பங்குனி வெயில் எட்டு மணிக்கே முதுகில் ஏறியது. கந்தப்பன் சொட்டுநீர்க் குழாயில் எலி கடித்த ஓட்டைகளுக்கு ரப்பர் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது, தொப்பி போட்ட அந்தப் பெண் நேராக வேலாமரத்தடிப் பக்கம் போவது தெரிந்தது.

"அம்முணி, அக்கட்டால வேண்டாம். பாம்பு கெடக்குது" என்று குரல் கொடுத்தார்.

பிரவீனா நின்றாள். ரோசானாவுக்குத் தமிழ் தெரியாது. அவள் இன்னும் நாலடி நடந்தாள். ஐந்தாவது அடியில் காலடிச் சத்தம் மாறியது. குனிந்து காலால் மண்ணை ஒதுக்கினாள். கல் தெரிந்தது. கல்லின் ஓரத்தில் கோழிமுட்டை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி அதற்குள் போட்டுவிட்டுக் காதைச் சாய்த்தாள். இரும்புக் குழாயில் டிங், டிங் என்று மோதிக்கொண்டு கல் கீழே போனது. போய்க்கொண்டே இருந்தது. விழுந்து நின்ற சத்தம் கேட்கவில்லை.

கந்தப்பன் பக்கத்தில் வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது.

"பழைய உரக்குழி அது" என்றார்.

ரோசானா அவரை நிமிர்ந்து பார்த்து மெதுவாக எதையோ சொன்னாள். கோபமாகச் சொன்னது மாதிரி இல்லை. பிரவீனா அதை மொழிபெயர்க்கவில்லை.

"சரிங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையிலிருந்த கருவியில் எதையும் எழுதாமல் மூடி வைத்தாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் சௌந்திரம் அரிசியும் பருப்பும் சோறு ஆக்கி நெய் ஊற்றிக் கொடுத்தாள். வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரோசானா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன சௌந்திரத்துக்குப் பின்னால் கட்டுத்தரைக்குப் போனாள். கந்தப்பன் தட்டில் சோற்றைத் தள்ளிக்கொண்டே கேட்டார்.

"ஏன் அம்முணி, அந்த அறுவதுங்கறது எப்படிப் போட்டீங்க?"

"சனங்க சொன்னதை வெச்சுத்தானுங்கப்பா."

"சொல்லாததைக் கம்ப்யூட்டரு அதுவாக் கண்டுபுடிக்காதா?"

"எப்படிங்கப்பா கண்டுபுடிக்கும்? சுத்துவட்டாரத்துல ஆயிரத்து நூறு போரு எழுதியிருக்கறோம். அதுல புகை வந்தது எத்தனைன்னு நெனைக்கறீங்க? முப்பத்தேழு. ரிக் வண்டி டிரைவருங்களைக் கேட்டா, பத்துக்கு நாலு புகைதான்ங்கறாங்க. மீதியெல்லாம் எங்க போச்சு?"

"சனங்களுக்கு மறந்து போயிருக்கும்."

பிரவீனா சிரிக்கவில்லை. "மறக்கற காரியமுங்களாப்பா அது?"

அவளே தொடர்ந்தாள்.

"ரோசானா ஊர்லயும் மொதல்ல இப்படித்தான் ஆச்சாமா. படம் பூராப் பச்சை. அதை நம்பிப் போட்டவங்களுக்கெல்லாம் புகை. மூணு வருசம் யாரும் இவுங்களை ஊருக்குள்ள விடலையாமா. கணக்குத் தப்பில்லைங்கப்பா. எங்களுக்கு வெவரம் கெடைக்காததுதான் தப்பு."

"நீ யாரையாச்சும் குறிச்சுச் சொல்றயா?"

"இல்லீங்கப்பா. நான் யாரையும் பேர் சொல்லிக் கேக்கவும் மாட்டேன். எங்க ஆய்வுக்கூடத்துல அது கட்டுப்பாடு. காட்டுக்காரங்க அவுங்களாச் சொன்னாத்தான் எழுதணும். என்ற கண்ணுல பட்டதா இருந்தாலும் எழுதக் கூடாது. ஞாயித்துக்கெழமை திறந்த நாள் வெச்சிருக்கறோம். சனங்களுக்கு எல்லாத்தையும் காட்டி, வெவரம் சொல்லி, கேட்டுப் பாக்கறதுதான். சொன்னாச் சொல்றாங்க."

தட்டை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். கந்தப்பனுக்கு மகள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சனிக்கிழமை காலையில் பூவாத்தாள் வந்தாள். அவள் காடு இவர் காட்டுக்குத் தென்புறம், ஒரே ஏக்கர். புருஷன் இறந்து எட்டு வருஷம். இரண்டு எருமையை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறவள். சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

"அண்ணா, நானும் தனசேகரங்கிட்டச் சொல்லிப்போட்டனுங்க. திங்கக்கெழமை உங்களுக்குப் போட்டு முடிச்சொடனே வண்டியை இக்கட்டால திருப்பறன்னு சொல்லியிருக்கறானுங்க."

"நீ எதுக்குப் பூவாத்தா இப்ப?"

"நம்ம அம்முணி போட்ட படத்துல என்ற காடும் பச்சையா இருக்குதுங்களே. உங்க காட்டுல ரெண்டும் தண்ணின்னா, ஒட்டுன காடு எங்க போயிரும்? போருக் காசுக்கு எருமை ரெண்டையும் வெலை பேசிப்போட்டனுங்க. செவ்வாய்க்கெழமை புடிச்சுட்டுப் போறாங்க."

"எருமையைக் குடுத்துட்டு என்ன பண்ணுவ?"

"தண்ணி வந்துட்டாத் தட்டைப்பயிரு வெச்சாக்கூடப் பொழைச்சுக்குவனுங்க."

கந்தப்பனுக்கு வாய் வரைக்கும் வந்தது. அவள் காட்டு வரப்பிலிருந்து முப்பதே அடியில், அவருடைய பக்கத்தில், அவள் ஊரில் இல்லாத நாள் பார்த்து ராத்திரியில் ஆயிரத்து இருநூறு அடிக்குப் போட்டு வெறும் புழுதியாக வந்த குழி ஒன்று இருக்கிறது. சொன்னால் இன்று பொழுதுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அங்கிருந்து எடப்பாடிக்கு எத்தனை தூரம்? மகனின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"பாத்துப் பண்ணு" என்றார்.

அவள் போன பிறகு அவர் சாப்பிடவில்லை. சௌந்திரம் இரண்டு தரம் கூப்பிட்டாள். மதியம் மம்மட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய், ஒரு வேலையும் செய்யாமல் திரும்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கூடத்தில் நல்ல கூட்டம். மூன்று மினி பஸ் விட்டிருந்தார்கள். கந்தப்பனும் சௌந்திரமும் பூவாத்தாளும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். கீழ்த்தளத்தில் சோழிகளையும் கயிறுகளையும் வைத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே கருங்கல் துண்டுகள் ஒட்டியிருந்தன. குமரகுரு சார் மேலிருந்து நீல மைத் தண்ணீரை ஊற்றினார். ஆய்வுக்கூடத்தின் தலைவர் அவர்தான், ஆனால் கைலி கட்டினால் சந்தைக்கு வந்த ஆள் மாதிரி இருப்பார். மைத் தண்ணீர் ஒரு சந்தில் இறங்கி, அடுத்ததில் திரும்பி, நடுவில் நின்றுவிட்டது. ஒரே ஒரு கல்லை உருவினார். சரசரவென்று அடி வரைக்கும் இறங்கியது.

"ஒரு சந்து சேர்ந்தா ஊருக்கே தண்ணிங்க. சேரலைன்னா ஆயிரம் அடி போனாலும் புகைங்க" என்றார்.

சனங்கள் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர் பின்னால் போய்க் குழாய் ஏதும் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று தடவிப் பார்த்தார்.

பிறகு மேல்மாடி அரங்கில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மின்விசிறிகள் சுற்றின. ரோசானா பேச, பிரவீனா தமிழில் சொன்னாள். அவளுடைய ஊரில் பொய்த்த குழியைச் சொல்வது எவ்வளவு கேவலமாக இருந்தது, படம் எப்படித் தப்பிப்போனது, மூன்று வருஷம் கழித்து முதல் ஆள் எப்படி வாயைத் திறந்தார் என்பதையெல்லாம் சொன்னாள். கடைசியில், "படிவத்துல எழுதாத குழி இருந்தா இப்பச் சொல்லலாமுங்க. எழுதிக் குடுத்தாலும் சரிங்க. பேரு வெளிய வராது" என்றாள் பிரவீனா.

யாரும் அசையவில்லை. முன் வரிசையில் இருந்த ஆள் துண்டை மடித்து மடித்து வைத்தார்.

பூவாத்தாள்தான் எழுந்தாள்.

"ஏங் கண்ணு, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போடு. என்ற காட்டுல நாளைக்குப் போரு போடறேன். தண்ணி வருமா?"

பிரவீனா சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். அப்பா இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை என்பதைக் கந்தப்பன் கவனித்தார்.

"இதுவரைக்கும் சொன்னதை வெச்சுப் பாத்தா நூத்துக்கு அறுவதுங்கத்தே. சொல்லாதது எனக்குத் தெரியாதுங்க."

"அறுவது போதும் கண்ணு" என்று பூவாத்தாள் உட்காரப் போனாள்.

கந்தப்பன் எழுந்துவிட்டார். எழுவோம் என்று அவரே நினைத்திருக்கவில்லை.

"பூவாத்தா, போடாத."

அரங்கு அவர் பக்கம் திரும்பியது.

"என்ற காட்டுல புகை வந்திருக்குது. உங்காட்டுக்கு முப்பதடியில ஒண்ணு. எல்லாஞ் சேத்து மூணு குழி. நாந்தான் எழுதிக் குடுக்கலை."

பெண்கள் பக்கமிருந்து சௌந்திரத்தின் குரல் வந்தது. "நாலுங்க."

யாரோ சிரித்தார்கள். கந்தப்பன் மனைவியைப் பார்த்தார்.

"அஞ்சு" என்றார். "ஒண்ணு உனக்குத் தெரியாது. உங்கம்மா எழவுக்கு நீ போய்ப் பதினஞ்சு நாள் இருந்தயே, அப்பப் போட்டது."

சௌந்திரம் வாயில் தலைப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பிரவீனா மேஜையிலிருந்து ஒரு புதுப் படிவத்தை எடுத்தாள். மற்றவர்களிடம் பேசுகிற அதே குரலில் கேட்டாள்.

"எத்தனை அடின்னு சொல்லுங்கப்பா. மொதல்ல போட்டதுல இருந்து."

அவர் சொன்னார். வேலாமரத்தடி, எண்ணூற்று ஐம்பது. கிணற்று மேட்டில் ஆயிரம். வடக்கு மூலையில் ஆயிரத்து ஐம்பது. கட்டுத்தரைக்குப் பின்னால் அறுநூறு, அதற்கு மேல் துளையிடும் பிட் சிக்கிக்கொண்டது. தென்வரப்பில் ஆயிரத்து இருநூறு. ஒவ்வொன்றும் எந்த வருஷம், எந்த மாசம், புழுதி எந்த நிறத்தில் வந்தது என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருந்தது. அவர் உட்காரும் முன்னால் முன் வரிசை ஆள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எனக்கு ரெண்டுங்க. காளிப்பட்டி ரோட்டுக் காட்டுல."

அப்புறம் நிற்கவில்லை. புளிச்சோற்றுப் பொட்டலம் வந்து ஆறிப்போனது. மூன்று பேர் உட்கார்ந்து எழுதினார்கள். அடியைச் சொல்லும்போது ஒருவர் அடுத்தவரைத் திருத்தினார். பங்காளிகளுக்குள் சண்டை வந்து ஓய்ந்தது. சாயங்காலத்துக்குள் அறுபத்தோரு குழி. ரோசானா ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்ற ஏற்ற, சுவரில் விழுந்த படத்தில் பச்சை சுருங்கிக்கொண்டே வந்தது. கல்லுக்காட்டுப்புதூருக்கு மேல் மஞ்சள் வந்தது, பிறகு சிவப்பு. கந்தப்பன் காடு பதினொன்றில் நின்றது. பூவாத்தாளின் காடு ஒன்பதில்.

பஸ்ஸில் திரும்பும்போது பூவாத்தாள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே இருந்தாள். ஊர் வரும்போதுதான் பேசினாள்.

"நேத்தே சொல்லியிருக்கலாமுங்கண்ணா. ஒரு ராத்திரி பூரா எருமைகளைக் கட்டிப்புடிச்சு அழுதுட்டுக் கெடந்தேன்."

அவர் எழுந்து நின்று அவள் இறங்க வழி விட்டார்.

தனசேகருக்கு இரண்டு காட்டுக்கும் வண்டி வேண்டாம் என்று சொன்னார்கள். அவன் போனில் நெடுநேரம் வருத்தப்பட்டான். புதன்கிழமை எடப்பாடியிலிருந்து போன் வந்தது. ஜோசியரிடம் மறுபடி பார்த்ததில் ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள். கந்தப்பன் "சரிங்க" என்று வைத்துவிட்டு, லாரி கழுவிக்கொண்டிருந்த மகனிடம் போய் நின்றார்.

"சந்தோசு, அவுங்க வரலையாமா."

"கேள்விப்பட்டனுங்கப்பா."

"என்னாலதான்."

சந்தோஷ்குமார் சக்கரத்துக்கு அடியில் தண்ணீரை அடித்துக்கொண்டே சொன்னான். "வெள்ளிக்கெழமை அவுங்க வந்து கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். அஞ்சாவது குழிக்கு மண்ணு தள்ளுனது நாந்தான? அம்மாகிட்டச் சொல்லாதன்னு நீங்கதான சத்தியம் வாங்குனீங்க."

"வெசனமா இருக்குதாடா?"

"இருக்காதுங்களா? இருக்குது." குழாயை மூடினான். "அதுக்கு என்ன பண்றது? அந்தக் குழிகளை மொதல்ல மூடோணும்ப்பா. கல்லை மட்டும் வெச்சது பத்தாது. அந்தப் பிரேசிலு அம்முணி காலு உள்ள போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

அந்த வாரம் முழுக்க அப்பனும் மகனும் குழிகளை அடைத்தார்கள். ஏரிக்கரையிலிருந்து சரளையும் கருங்கல் சில்லும் டிராக்டரில் வந்தன. கூடை கூடையாகக் கொட்டக் கொட்ட, குழி வாங்கிக்கொண்டே இருந்தது. கட்டுத்தரைக் குழிக்கு ரோசானாவும் கூடை தூக்கினாள். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, சௌந்திரம் வெண்ணெய் தடவிவிட்டாள். தனக்கு மறைத்த அந்த ஐந்தாவது குழிக்காகச் சௌந்திரம் புருஷனிடம் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அதற்குக் கல் போடும்போது அவளே வந்து முதல் கூடையைக் கொட்டினாள்.

சித்திரையில் ரோசானா ஊருக்குப் போனாள். கந்தப்பன் அரங்கில் பேசியதை வீடியோ எடுத்திருந்தார்கள். அதை அவள் சீமையில் இன்னும் வாய் திறக்காத ஊர்களுக்குக் காட்டலாமா என்று முறைப்படி கேட்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் போனாள். கந்தப்பன் குச்சிக்கிழங்கைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மீதிக் காட்டை உழுது போட்டு, சோளத்துக்கும் கொள்ளுக்கும் மழை பார்த்திருந்தார்.

ஆனி மாசம் ஓசூருக்குப் போகாமல் தங்கிய ஒரு ஞாயிறு, சாயங்காலம் ஆறரை மணிக்கு பிரவீனா மடிக்கணினியைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள். ரோசானாவின் நாட்டில் அப்போது காலை பத்து மணி. அங்குள்ள ஆய்வுக்கூடத்தார் ஏதோ ஒரு சிற்றூரின் பள்ளிக்கூடத்தில் சனங்களைக் கூட்டியிருந்தார்கள். கந்தப்பனும் சௌந்திரமும் முன்னால் உட்கார்ந்தார்கள். பூவாத்தாள் பால் ஊற்றிவிட்டுத் தூக்குப்போசியோடு வந்து பின்னால் நின்றாள். திரையில் ஓலைத் தொப்பி போட்ட ஆட்கள், கருத்த முகங்கள், கைக்குழந்தையோடு பெண்கள். அவர்களுக்கு எதிரே சுவரில் கந்தப்பன் பெரிதாக நின்று பேசிக்கொண்டிருந்தார். கீழே அவர்கள் பாஷையில் எழுத்து ஓடியது.

வீடியோ முடிந்தது. அங்கேயும் யாரும் அசையவில்லை. வெகுநேரம் கழித்து, கடைசி பெஞ்சிலிருந்து அவர் வயசு மதிக்கத்தக்க ஒருவர் எழுந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"என்னங்கறாரு?"

"ஏழுங்கறாருங்கப்பா."

கந்தப்பன் திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எத்தனை அடின்னு கேளு அம்முணி."

பிரவீனா கேட்டாள். ரோசானா அந்த ஆளிடம் கேட்டாள். பதில் அதே வழியாகத் திரும்பி வந்தது.

"எம்பது மீட்டருங்கறாரு. நம்ம கணக்குல எரநூத்தி அறுவது அடி."

"அவ்வளவுதானா? நான் ஆயிரத்து எரநூறு போனேன்னு சொல்லு."

பிரவீனா சொன்னாள். அந்த மனிதர் கேட்டுவிட்டுத் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்து என்னவோ சொன்னார்.

"அத்தனை ஆழத்துக்கு மனுசன் போவானான்னு கேக்கறாருங்கப்பா."

"போனமே" என்றார் கந்தப்பன்.